சீட்டுக்கு மதிப்பு எதனால்?

தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் நடந்த நாட்களை நம் மூத்த அங்கத்தினர் சிலர் சிறு வயதில் கண்டிருக்கலாம். 1955க்கும் 1961க்கும் இடையே நடந்த சலாபங்களே இங்குக் கடைசியானவை. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்க்கு என்பது நெடுநாள் வழக்கம். அச்சிப்பியை உண்டு பசியாற முடியாது; உள்ளே முத்து உண்டோ இல்லையோ, திறவாமல் தெரியாது. ஆயினும் அதற்காக மூச்சடக்கி ஆழத்தில் இறங்கினார்கள். கரையேறியதும் அதைக் காசாக்கிக்கொள்ளச் சந்தை அங்கேயே காத்திருந்தது அன்றோ? மறைந்து கிடக்கும் முத்தைக் காட்டிலும் கையில் விழும் காசே மேலென்று திறவாமலே விற்றவர் பலர்.

உண்ணவும் உடுக்கவும் உதவாத ஒரு பொருள் உழைப்புக்குக் கூலியாவது எப்படி என்பதை அறிஞர்கள் விலங்குகளிடத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வுல்ஃப் என்பவர் 1936-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் முன்னோடியானது. பளுவான கைப்பிடியைத் தூக்கினால் சிம்பன்சிக்கு ஒரு வில்லை கிடைக்கும். வில்லையைப் பெட்டியில் இட்டால் திராட்சை விழும். வெள்ளை வில்லைக்கு ஒரு பழம், நீல வில்லைக்கு இரண்டு, பித்தளை வில்லைக்கு ஒன்றுமில்லை. சிம்பன்சிகள் இவ்வேற்றுமையை விரைவில் அறிந்துகொண்டன. வெள்ளையைவிட நீலத்தை நாடின, பித்தளையை ஒதுக்கின. பளபளப்பு அவற்றை ஏமாற்றவில்லை.

1958-இல் கெல்லஹர் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கவனிக்கத்தக்கது. ஏராளமான வில்லைகளைச் சேர்த்த பின்னரே மாற்றிக்கொள்ளலாம் என்று விதித்தபோது, சிம்பன்சிகள் வேலையைத் தொடங்கவே நெடுநேரம் தயங்கின. தொடக்கத்திலேயே வில்லைகள் சிலவற்றைக் கையில் கொடுத்ததும் அத்தயக்கம் குறைந்தது. யேலில் நடந்து 2006-இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், கப்புச்சின் என்னும் சிறு குரங்குகள் உலோக வில்லைகளைக் கொடுத்துத் தின்பண்டம் வாங்கின. எதன் விலை குறைந்ததோ அதை மிகுதியாக வாங்கின. ஆராய்ச்சிக்கூடம் வரை போவானேன்? விருந்தாவனத்துக் குரங்குகள் யாத்திரிகரின் மூக்குக்கண்ணாடியைப் பறித்து, தின்பண்டம் கொடுத்தாலன்றித் திருப்பித் தருவதில்லை.

மனிதனைக் குரங்கோடு ஒப்பிடுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். நாம் ஒப்பிடவில்லை. கொடுத்த வில்லை உரிய காலத்தில் பயன் தரவேண்டும் என்பதை வாய்பேசாப் பிராணியே உணருமாயின், குடும்பம் நடத்தும் நெசவாளி உணரமாட்டாரா என்றே கேட்கிறோம்.

நெசவாளி சங்கத்தில் துணியை ஒப்படைத்து ஒரு சீட்டைப் பெறுகிறார். விவசாயி பருத்தியையோ மிளகாயையோ நிறுத்துக் கொடுத்து எடைச்சீட்டைப் பெறுகிறார். அச்சீட்டால் கடையில் அரிசி வாங்க முடியாது. பட்டுவாடா குறித்த நாளில் நடந்தால் அது நீல வில்லை. மாதக்கணக்கில் இழுத்தால் பித்தளை வில்லை. அவ்வேளையில் தனி வியாபாரி குறைந்த விலையையே சொன்னாலும் ரொக்கத்தை எடுத்து நீட்டுகிறார். சரக்கு அவரிடம் போகிறது. உடனே நாம் "அங்கத்தினருக்கு விசுவாசமில்லை" என்று பொதுக்குழுவில் குறைகூறுகிறோம். இது நியாயமன்று. அடுப்பு நாளைவரை காத்திராது என்பதை அறிந்தே அவர் அங்ஙனம் செய்தார்.

சங்கத்தின் சங்கடத்தையும் நாம் மறக்கவில்லை. துணி தேங்கினாலும், வரவேண்டிய தள்ளுபடித் தொகை தாமதித்தாலும் பெட்டியில் பணமிராது. எனினும் பணமில்லாத காலத்திலும் செய்யக்கூடியவை உண்டு. சரக்கை ஒப்படைத்த அன்றே கூலியில் ஒரு பகுதியையேனும் கொடுக்கலாம். மீதி கிடைக்கும் தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரலாம். அத்தேதி தவறுமெனத் தெரிந்தால், காரணத்தையும் புதிய தேதியையும் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதலாம். புதுப் பாவு போடும்போது சிறு முன்பணம் தந்தால் தறி விரைவில் ஓடத் தொடங்கும். எல்லாருக்கும் ஒருங்கே கொடுக்க இயலாவிடில், யாருக்கு முதலில் என்பதை நிர்வாகக் குழு வெளிப்படையாக வரிசைப்படுத்த வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் கூடாது.

அங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் திராட்சையை இட்டவர் ஆராய்ச்சியாளர். சிம்பன்சிக்கு அதில் உரிமையில்லை. நம் சங்கத்தின் பெட்டியோ நம் பங்குத் தொகையால் நிரம்புவது. அதன் சாவி யாரிடம் இருக்கவேண்டுமென்று வாக்களிப்பவரும் நாமே. ஆகவே பட்டுவாடா தாமதித்தால் முணுமுணுத்துக்கொண்டு வெளியே விற்பதோடு நில்லாமல், பொதுக்குழுவுக்கு வந்து கணக்கைக் கேளுங்கள். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டுங்கள். நாம் கட்டும் தவணையே பக்கத்து வீட்டுக்காரர் கையிலுள்ள சீட்டைக் காசாக்குகிறது.

அச்சடித்த தாளாலும் முத்திரையாலும் சீட்டுக்கு மதிப்பு வருவதில்லை. சொன்ன நாளில் சொன்ன தொகையைக் கொடுப்பதனாலேயே வருகிறது.