கஞ்சி அரிசியும் கைவிடப்பட்டவளின் அட்டையும்

ரமளான் பிறப்பதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதே நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் சுறுசுறுப்படைந்து விடுகின்றனர். நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கென்று தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும்; அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டும்; அனுமதி கிடைத்த பிறகு மூட்டைகளை ஏற்றிவர வண்டி பேச வேண்டும். இவ்வளவையும் நம்மவர்கள் முகங்கோணாமல் செய்கின்றனர். அந்த அரிசியில் காய்ச்சிய கஞ்சியைச் செல்வந்தரும் அருந்துகிறார், கூலித் தொழிலாளியும் அருந்துகிறார். அரசாங்கத்திடம் அரிசி வாங்கிவிட்டோமே என்று எவரும் நாணுவதில்லை. நாண வேண்டியதும் இல்லை.

ஆனால் அதே மஹல்லாவில், கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் தனியாகக் குடும்ப அட்டை வேண்டும் என்று வாய்திறந்து கேட்டால் என்ன நடக்கிறது? “ரேஷன் அரிசிக்குக் கையேந்தும் அளவுக்கா நம் குடும்பம் தாழ்ந்துவிட்டது?” என்று அண்ணன் சீறுகிறான். “தாலுகா ஆபீசில் போய் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?” என்று தாய் கலங்குகிறாள். ஊர்ப் பெரியவர்களோ, அது குடும்ப விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். கஞ்சிக்கு வருவதும் அரசாங்க அரிசிதான், அவள் கேட்பதும் அரசாங்க அரிசிதான். ஜமாஅத் கேட்டால் அது முறையான விண்ணப்பம்; அவள் கேட்டால் பிச்சை! இந்த நியாயத்தை நாம் எங்கிருந்து கற்றோம்?

முதலில் இது பிச்சையா என்பதைப் பார்ப்போம். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்த மாநிலத்தின் ஆட்சியை மாற்றிய பெருங்காரணங்களுள் அரிசியும் ஒன்று. 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர், மேலே உள்ளவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்துக் கீழே உள்ளவர்க்கு மட்டும் மலிவு தானியம் என்ற முறையைக் கொணர்ந்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையைத் தன் அரிசிக் கடைகளுக்குள் நுழைய விடவில்லை. 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட உணவு உரிமை வழக்கு, அரசின் உணவுத் திட்டங்களைச் சட்டத்தின் துணைகொண்டு கேட்டுப் பெறத்தக்க உரிமைகளாக மாற்றியது. 2013இல் நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அது 2016 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. 2011 ஜூன் முதலே இங்கே அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. இத்தனை ஆண்டுப் போராட்டத்திற்கும் வழக்கிற்கும் சட்டத்திற்கும் பிறகு, இதை இன்னும் ‘இலவசம்’ என்றும் ‘உதவி’ என்றும் அழைப்பது நம் நாவின் சோம்பல். கொடுக்கும் பையில் தலைவர்களின் படத்தை அச்சிட்டுத் தரும் கட்சிகளுக்கு இந்தச் சோம்பல் வசதியாக இருக்கிறது என்பது வேறு கதை. உள்ளவனின் பொருளில் இல்லாதவனுக்கு உரிமை உண்டு என்பதைத் திருமறையில் ஓதி அறிந்த ஒரு சமுதாயத்திற்கு, உரிமைக்கும் பிச்சைக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை வந்ததுதான் வியப்பு.

இனி அந்தப் பெண்ணிடம் வருவோம். அவள் எந்த ஊரிலும் இருப்பாள். ஆகவே பெயர் சொல்லத் தேவையில்லை. மணமானதும் அவளுடைய பெயர் தாய்வீட்டு அட்டையிலிருந்து நீக்கப்பட்டுக் கணவன் வீட்டு அட்டையில் சேர்ந்தது. பிள்ளைகள் பிறந்ததும் அவர்களுடைய பெயர்களும் அதிலேயே ஏறின. பிறகு கணவன் மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ போனான். முதலில் பணம் வந்தது. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. மாமியார் வீட்டில் இடமில்லை என்றானபின், இரண்டு பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தாள். தைத்தோ பீடி சுற்றியோ வயிற்றைக் கழுவுகிறாள்.

அவள் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் அவளுடைய பெயரோ பிள்ளைகளின் பெயர்களோ வேறெந்த அட்டையிலும் இருத்தலாகாது. ஆதார் எண்ணைப் பதிந்தவுடனேயே கணினி காட்டிக் கொடுத்துவிடும். சரி, பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கலாமே என்றால், அதற்கான மனு அந்த அட்டைக்குரிய குடும்பத்திலிருந்து வர வேண்டும் என்றே பல நேரங்களில் அலுவலகத்தில் சொல்கிறார்கள். இணையத்தின் வழியே செய்வதானால், அந்த அட்டையோடு பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு ஒரு கடவு எண் வரும். அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். அந்தக் கைபேசி யாரிடம் இருக்கிறது? அவளைத் துரத்திய மாமியாரிடம் இருக்கிறது. அல்லது கடல் கடந்து போனவனின் சட்டைப் பையில் இருக்கிறது. பசித்தவளின் சோற்றுப் பானைக்கான சாவியை, அவளைப் பட்டினி போட்டவனிடமே ஒப்படைத்திருக்கிறது இந்த ஏற்பாடு!

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. பெயர் அங்கேயே இருப்பதால், அவளையும் அவள் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்து வரும் அரிசியைக் கணவன் வீடே வாங்கிக் கொள்கிறது. மத்தியச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒரு தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். அவளை உண்ண விடாத வீடு, அவள் பெயரால் உண்கிறது.

பெயர் நீக்கம் எப்படியோ நடந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அடுத்து இருப்பிடச் சான்று. அண்ணனின் வீட்டு வரி ரசீதைக் கொடுத்தால், “ஒரே வீட்டில் எதற்கு இரண்டு அட்டை?” என்பார் விசாரணைக்கு வரும் அலுவலர். தனிச் சமையல் நடக்கிறதா, அடுப்பு தனியா என்று எட்டிப் பார்ப்பார். பின்கட்டில் ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரமும் இருப்பதைக் காட்டி, தான் தனியே பசித்திருப்பதை அவள் மெய்ப்பிக்க வேண்டும். வாடகை வீட்டுக்குப் போனாலோ, வீட்டு உரிமையாளர் எந்தத் தாளிலும் கையெழுத்திட மாட்டார். எழுதிக் கொடுத்தால் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு.

“கணவன் விட்டுவிட்டான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்ற கேள்வியும் வரும். இங்கேதான் நமக்கும் பொறுப்பு உண்டு என்பதை நாம் உணர வேண்டும். விவாகரத்து ஜமாஅத் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கலாம். காஜியார் ஒரு கடிதமும் கொடுத்திருக்கலாம். ஆனால் காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரையே அன்றிச் சட்டப்படி செல்லத்தக்க சான்று ஆகாது என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. குலா பெற்ற பெண்கள் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் சான்று போதாது என்று 2023இல் அதே நீதிமன்றம் மீண்டும் சொன்னது. அந்தத் தீர்ப்புகளின் சரி தவறு பற்றி ஆலிம்களும் வழக்கறிஞர்களும் வாதிட்டுக் கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது அவற்றின் விளைவை. ஜமாஅத் கொடுத்த தாளை நம்பிப் போகும் பெண், அலுவலக மேசையில் அது வெறுந்தாள் என்று அறிகிறாள். நீதிமன்றத்துக்குப் போ என்கிறார்கள். தலாக்கும் சொல்லாமல், குலாவுக்கும் இணங்காமல் வெறுமனே காணாமற்போனவனின் மனைவிக்கோ அந்த வெறுந்தாள்கூட இல்லை. சில கிலோ அரிசிக்காகக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காட எந்தப் பெண்ணால் இயலும்? வக்கீல் கட்டணத்தில் அவள் எத்தனை மூட்டை அரிசி வாங்கியிருப்பாள்!

சட்டம் எழுதியவர்கள் பெண்ணை மறந்துவிடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவரே குடும்ப அட்டையின் தலைவர் என்று கூறுகிறது. ஆண் தலைவராவது வயது வந்த பெண் இல்லாத வீட்டில் மட்டுமே. பெண் பிள்ளை 18 வயதை எட்டியதும் அந்த இடத்தை அவளுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். தாளில் இவ்வளவு உயர்வு! ஆனால் எவள் உண்மையிலேயே தன் குடும்பத்துக்குத் தலைவியாக நின்று உழைக்கிறாளோ, அவளிடம் போய், கணவன் வீட்டாரின் கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டு வா என்கிறார்கள்.

இழப்பு அரிசியோடு முடியவில்லை. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு வருகின்றன. கடைத்தெரு விலையை அறிந்த இல்லத்தரசிகளுக்கு இதன் பெருமதியை நான் விளக்க வேண்டியதில்லை. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு. ஆதரவற்ற விதவைகள் அதற்கு முதல் தகுதியுடையோர். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டபோது, ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்றே விதி வகுத்தார்கள். அண்ணன் அட்டையில் தன் பெயரைச் சேர்த்துக் கொண்ட பெண், அண்ணன் மனைவிக்கு அந்தத் தொகையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க நேர்ந்தது. அட்டையைக் கேட்பது கௌரவக் குறைவு என்று தடுத்த அண்ணன், அந்த ஆயிரத்தைக் கௌரவக் குறைவு என்று திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அட்டை இல்லாமற்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள், 2017ஆம் ஆண்டு ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்த செய்தியை நினைவுகூர வேண்டும். ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்று அக்குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டே பிள்ளை மாண்டாள் என்றார் தாய். நோயால் இறந்தாள் என்றனர் அதிகாரிகள். தமிழ்நாடு ஜார்க்கண்ட் அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாள் சரியில்லை என்பதற்காகத் தானியம் நிறுத்தப்படும் என்ற தத்துவம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. பெண்ணின் சொல்லை மட்டும் நம்பிப் பெயரை நீக்கி அட்டை கொடுத்தால், ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்ததாக நடித்து இரட்டை அரிசி வாங்கும் என்கிறார்கள். நடிப்பவர்கள் இருக்கலாம். வளைகுடாப் பணத்தில் மாடி கட்டிவிட்டு, அட்டை அரிசியை ஆட்டுக்கும் கோழிக்கும் போடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கவில்லையா? அவர்களை எந்த விசாரணையும் தடுத்ததாகத் தெரியவில்லை. தாள்கள் எல்லாம் அவர்களிடம் ஒழுங்காக இருக்கின்றன. பொய்யனுக்குத் தாள் கிடைத்துவிடும். கிடைக்காதது மெய்யாகவே கைவிடப்பட்டவளுக்குத்தான். அலுவலர் ஒருவர் நேரில் வந்து அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டில் விசாரித்தால், ஒரு பெண் கணவனோடு வாழ்கிறாளா இல்லையா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெருவுக்குத் தெரிந்த உண்மைக்கு நீதிமன்ற முத்திரை எதற்கு?

இன்னொரு சாரார், ஜகாத் இருக்கும்போது அரசாங்கத்தை ஏன் நாட வேண்டும் என்கின்றனர். கேட்க இனிமையான சொல். ஆனால் நம் ஊர்களில் ஜகாத் எவ்வாறு வழங்கப்படுகிறது? ரமளானில் ஒரு நாள், செல்வந்தர் வீட்டு வாசலில் வரிசை. ஒரு சேலை, சில நோட்டுகள். பதினொரு மாதம் அந்தச் சேலையையா வேகவைத்து உண்பது? ஜகாத்தை முறையாகத் திரட்டி மாதந்தோறும் கொடுக்கும் ஊர்கள் உண்டு. அவற்றை வணங்கத்தக்க விதிவிலக்குகள் என்பேன். அங்கேயும்கூட, குடிமகள் என்ற முறையில் அவளுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். கஞ்சி அரிசிக்காக நீங்கள் கற்ற அலுவலக வித்தை வீணாக வேண்டாம். வட்ட வழங்கல் அலுவலரின் மேசை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது. பொது விநியோகத்துக்கென்று நடத்தப்படும் குறைதீர் முகாம்களுக்கு அவளை அழைத்துச் செல்ல இரண்டு பெரியவர்கள் போதும். அங்கும் மறுத்தால், அதே 2013 சட்டம் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரையும் அவருக்கு மேல் மாநில உணவு ஆணையத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது, எழுத்தில் முறையிடுங்கள். இ-சேவை மையத்தின் வாசலில் நின்று காசு பறிக்கும் இடைத்தரகனின் கையில் அவளை விட்டுவிடாதீர்கள்.

அதற்கும் முன்னதாக, நம் கைக்குள்ளேயே இருக்கும் காரியம் ஒன்றுண்டு. தலாக்கோ குலாவோ ஜமாஅத்தின் முன் வரும்போது, மஹர் எவ்வளவு, சீர்வரிசைப் பாத்திரங்கள் எத்தனை என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அட்டையைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. பதிவேட்டில் கையொப்பம் வாங்கும் அதே அமர்வில், பெயர் நீக்க மனுவிலும் கணவன் வீட்டாரின் கையொப்பத்தை வாங்கிவிட்டால் என்ன? கைபேசி எண்ணும் அப்போது அருகிலேயே இருக்கும். பத்து நிமிட வேலை. ஓடிப்போனவன் வர மறுத்தால் அவன் தகப்பனை வரவழைக்கும் செல்வாக்கு, சந்தா வசூலிக்கும் ஜமாஅத்துக்கு இல்லாமலா போய்விட்டது? அவனே சில ஆண்டுகள் கழித்து மறுமணத்திற்குத் தடையின்மைக் கடிதம் கேட்டு அதே அலுவலக வாசலில் வந்து நிற்பான். “முதல் மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இன்னும் உன் வீட்டு அட்டையில் இருக்கின்றனவா?” என்று அவனைக் கேட்டுவிட்டுக் கடிதம் எழுத, எந்தச் சட்டமும் நமக்குத் தடையாக இல்லை.