எண்ணுக்கு ஏன் இந்தப் பூசனை?

நூற்றுக்கு 70! நம் நாட்டிலே இந்த எண்ணைக் கண்டதும் தந்தையின் முகம் கறுக்கிறது, "எதிர்வீட்டுப் பிள்ளைக்கு 90 ஆயிற்றே!" என்று தாய் பெருமூச்சு விடுகிறாள். அதே 70-ஐ இங்கிலாந்துப் பல்கலைக் கழகத்திலே பெற்றவனையோ, முதல் வகுப்பினன் என்று தட்டிக் கொடுக்கின்றனர். கடல் கடந்ததும் எண்ணின் கிரகபலன் மாறிவிட்டதா, தோழர்களே?

ஜெர்மனியிலே 1 தான் உச்சம். 4 வரையில் தேர்ச்சி. 5 என்றால் தோல்வி. பேரெண் பெற்றவன் அங்கே தலை கவிழ்கிறான்! பிரான்சிலே 20-க்குத் திருத்துகின்றனர். 16 பெற்றவன் மார்தட்டலாம். நம் பட்டதாரி ஜெர்மனிக்கு விண்ணப்பித்தால், அவன் மதிப்பெண்ணை ஒரு வாய்பாட்டில் இட்டு மாற்றுவர். நூற்றுக்கு 70 பெற்றவனுக்கு, அவன் பயின்ற இடத்தின் தேர்ச்சிக் கோடு 40 என்றால் 2.5, கோடு 50 என்றால் 2.8. ஆள் அதே ஆள்; அறிவு அதே அறிவு; மாறியது மனிதன் போட்ட கோடு! இதனையா தலையெழுத்து எனக்கொண்டு, வாழ்வையே வெறுக்கும் அளவுக்கு இளம் உள்ளங்கள் துவள்வது?

எண் கிடக்கட்டும், எதனை அளக்கிறது அந்த எண்? அதுவன்றோ கேள்வி! இங்கே, பாடநூலின் வரிகளை வழுவாது ஒப்பித்தவன் கெட்டிக்காரன். அங்கே, பிறர் எழுத்தைப் பெயர் சுட்டாமல் எடுத்தாண்டால் அதற்குப் பெயர் திருட்டு, தண்டனையும் உண்டு. இங்கிருந்து முதல்வனாய்ச் சென்ற ஒருவன், பத்து நூல்களைப் பிழிந்து கட்டுரை தருகிறான் என்று வையுங்கள். "பிறர் கூறியதெல்லாம் இருக்கிறது, உன் கருத்து எங்கே?" என்று கேட்டுத் திருப்பித் தருகிறார் பேராசிரியர். எங்கிருந்து வரும் கருத்து? "ஏன்?" என்று எழுந்தபோதெல்லாம் "உட்கார்!" என்று அடக்கி வளர்த்தோமே!

இது நம் முன்னோர் மரபுமன்று. 1857-இல் சென்னைப் பல்கலைக் கழகம் எழுந்தபோது, இலண்டன் பல்கலைக் கழகமே அதற்கு முன்மாதிரி. அன்றைய இலண்டன் பாடம் சொல்லவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் மட்டுமே தந்தது. கல்லூரி கற்பிக்கும், பல்கலைக் கழகம் சோதிக்கும் என்ற ஏற்பாடு அவ்வழியே வந்தது. இலண்டனோ 1900-இல் கற்பிக்கும் பல்கலைக் கழகமாகத் தன்னைத் திருத்திக் கொண்டது. சட்டையைத் தைத்தவன் மாற்றிக் கொண்டான். இரவல் வாங்கியவர் இன்றும் இணைப்புக் கல்லூரிகளில் அதையே மாட்டிக் கொண்டு திரிகிறோம்!

"கற்பிப்பவரே மதிப்பெண் இடுவதென்றால், சாதி பார்த்துக் குறைக்கமாட்டாரா? முகமறியாதவர் திருத்துவதன்றோ ஏழைக்கு அரண்?" என்று கேட்பீர். நியாயமான அச்சம்! அந்த அரணை இடிக்கச் சொல்லவில்லை. பிரிட்டனிலும் பல பல்கலைக் கழகங்கள் விடைத்தாளில் பெயரை மறைத்தே திருத்துகின்றன. வேறு பல்கலைக் கழகத்தவர் ஒருவர் வந்து, மதிப்பீடு நேர்மையானதா என்று சரிபார்க்கிறார். வகுப்பிலே வினவும் உரிமை, தாளிலே முகம் மறைத்த நீதி: இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதுதான் சூழ்ச்சி.

அங்குள்ளவை யாவும் அமுதம் என்று கூறோம். அயல்நாட்டுப் பட்டத்தைப் பூசிப்பதும் மூடத்தனமே. ஆனால், பட்டத்தோடு திரும்பும் தோழனே, ஒன்று கேள். பேராசிரியரின் கூற்றை அவர் முன்பே மறுத்துப் பேசினாயே, அந்தத் துணிவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வராதே. நாளை நீ ஆசிரியனாய் நிற்கும் வகுப்பிலே, கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து "ஏன்?" என்பான். அவனை உட்கார வைத்துவிடாதே!