தூணில் வரைந்த மரம்



அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி, நியூ ஆர்லியன்ஸ் போனபோது எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். மேம்பாலத் தூண்களில் ஓக் மரங்கள், மனித முகங்கள். "எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க, பாருங்க டீச்சர்!" அழகுதான். ஆனால் அங்கே ஒரு காலத்தில் நிஜ மரங்களே நின்றன என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தச் சாலையின் பெயர் கிளேபோர்ன் அவென்யூ. நடுவில் அகலமான புல்திடல், அதில் வரிசை வரிசையாக ஓக் மரங்கள். இருபுறமும் கறுப்பின மக்களின் கடைகள்: மருந்துக்கடை, தையற்கடை, சலூன், இன்சூரன்ஸ் அலுவலகம். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் அது அவர்களுடைய சொந்தக் கடைவீதி. மார்டி கிரா திருவிழா வந்தால் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து அந்த நிழலில்தான் உட்காருவார்கள். இறகு உடையில் ஆடிவரும் குழுக்களும் பேண்டு வாத்தியமும் அங்கேதான்.

1966இல் மரங்களை வெட்டிவிட்டார்கள். அதே இடத்தில் ஐ-10 நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் எழுந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

இதைக் கேளுங்கள். அதே ஊரில் பிரெஞ்சு குவார்ட்டரை ஒட்டி, ஆற்றங்கரையில் இன்னொரு உயர்சாலைக்கும் திட்டம் இருந்தது. பழம்பெருமை கெட்டுவிடும் என்று செல்வாக்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். 1969இல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. ஆக, நிறுத்த முடியாத சாலை என்று ஒன்றும் கிடையாது. யார் எதிர்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு. (எனக்குக் கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2002இல் ஓவியர்கள் தூண்களில் வரைந்தார்கள். ஓக் மரங்களை மீட்போம் என்று பொருள்படும் பெயர் அந்த முயற்சிக்கு. வெட்டியதை வெட்டிவிட்டுப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடுமா என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அருங்காட்சியகச் சுவரில் மாட்டியிருந்தால் அது வெறும் படம். மரத்தைத் தின்ற தூணிலேயே மரத்தை வரைந்தது சாட்சி சொல்வது மாதிரி. மார்டி கிராவுக்கு மக்கள் இன்றும் அந்தப் பாலத்தடியில்தான் கூடுகிறார்கள்.

ஆனால் ஓவியம் நிழல் தராது. பாலத்தை இடிக்கலாமா என்ற பேச்சு அங்கே பல வருடங்களாக நடக்கிறது. இடித்தால் ஓவியமும் போய்விடுமே என்று யாராவது தயங்கினால் நான் ஒப்பமாட்டேன். போகட்டும், மரம் நடுங்கள். எனக்குக் கவலை வேறு. பாலம் போனதும் வாடகை ஏறி, அங்கே மிச்சமிருக்கும் குடும்பங்களும் கிளம்ப வேண்டி வந்தால், புது நிழலில் யார் உட்காருவார்கள்?

படம் அனுப்பிய பெண்ணே, அடுத்த தடவை போனால் தூணுக்குப் பக்கத்தில் நின்று, மேலே ஓடும் வண்டிகளின் இரைச்சலையும் சேர்த்து வீடியோ எடுத்து அனுப்பு.