வராமற் போன அடுத்த வருஷம்

காற்பந்தில் தோற்றவர்களுக்கு ஒரே ஒரு மருந்துதான் உண்டு, வாசகர்களே. 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்பதே அது. 1994 டிசம்பர் 17ஆம் தேதி இரவு தோற்ற பகாங் ரசிகர்களுக்கு அந்த மருந்தும் கிடைக்காமற் போயிற்று.

ஷா ஆலம் அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம், எதிரில் சிங்கப்பூர். இங்கே தோட்டத்தில் அடைமழை, பால்வெட்டு இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் வாசல்வரை கூட்டம். 1992இல் கெடாவை வென்று கிண்ணம் வாங்கிய குழுவாயிற்றே என்று சிறுபிள்ளைகள் நாங்கள் தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்பாஸ் சாட் ஒருவரே மூன்று கோல் போட்டார். முடிவு 4-0. பெரியவர்கள் பாதியிலேயே ஒவ்வொருவராகக் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். என் தம்பி மட்டும் அழுதுகொண்டே கடைசிவரை பார்த்தான்.

சிங்கப்பூர் வாசகர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பாதகமில்லை. 1980இல் கிண்ணம் வென்ற பிறகு 1981, 1990, 1993 என மூன்று இறுதியாட்டங்களில் தோற்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அழுதவர்கள்தாமே! ஆனால் உங்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு இருந்தது. எங்களைத் தோற்கடித்த கையோடு சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்தே விலகிக்கொண்டது. 2012இல் அது திரும்பி வந்தபோது தம்பிக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

2013, 2014 இரண்டு வருஷமும் பகாங் கிண்ணத்தை வென்றது. தோற்றவர்கள் கிளந்தானும் ஜோகூரும். தம்பி கைதட்டத்தான் செய்தான்.

"இருந்தாலும் இறுதியாட்டத்துல அவங்களை அடிக்கலையே, அக்கா" என்றான்.