கிழக்கே நடந்தால் காலம் நகரும்



காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பழைய கடலைச் சொல்கிறேன். திருச்சிக்கு வடகிழக்கே ஊட்டத்தூர் தொடங்கி அரியலூர் தாண்டி அது பரந்து கிடக்கிறது.

அண்டார்டிகாவை விட்டு இந்தியா பிரிந்து நகர்ந்த காலத்தில் இந்தப் பகுதி தாழ்ந்தது; சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே வந்தது. அதன் அடியில் படிந்த அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கே மூத்தவை, கிழக்கே இளையவை. பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1860களிலேயே இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று தொகுதி பிரித்து விட்டார்.

காரை கிராமத்துக்குக் கட்டாயம் போங்கள். மழை அரித்த செம்மண் ஓடைகளுக்கு இடையே ஜிப்சம் மின்னும். அங்குள்ள நுண்ணிய களிமண், அலை அடிக்கும் கரையில் தங்காது. அமைதியான நீரில்தான் படியும். சுருள் ஓட்டுக் கடல் உயிரிகளான அம்மோனைட்டுகள் அங்கே நீந்தியிருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கடல் படிவுக்குள் கிடக்கிறது. கரையில் வளர்ந்த மரத்தைத் தண்ணீர்தானே அங்கே கொண்டு சேர்த்திருக்க வேண்டும்! கல்லங்குறிச்சியில் சிப்பிகள் குவிந்தே சுண்ணாம்புக்கல் ஆகியிருக்கிறது. சிமென்ட் ஆலைகள் தேடி வந்தது அதைத்தான்.

என்னை மிகவும் ஈர்ப்பது கிழக்குக் கோடி. கல்லமேட்டில் ஆற்று மணல். அதில் டைனோசர் எலும்புகள். அதாவது, கடல் பின்வாங்கிவிட்டது. அதற்கும் மேலே நின்னியூர் அடுக்கில் கடல் திரும்பியிருக்கிறது, ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. டைனோசர்களோடு அவற்றையும் அழித்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு இடையில் நடந்து முடிந்துவிட்டது.

2020இல் இதே பகுதியில் உள்ள குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகிய கடல் உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் கல் பேசும். அலமாரிக்கு எடுத்துப்போன அம்மோனைட் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே எதையும் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து, ஊர், ஓடை, மண்ணின் நிறம் எல்லாம் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்