காதால் வைக்க முடியாத டைமிங்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது அதில் ஒரு மெக்கானிக் தவறாமல் வந்துவிடுகிறார். மரத்தடியில் கடை. எழுத்து வாசனை கிடையாது. கண்களை மூடித் தலையைச் சற்றே சாய்த்து, ஓடும் என்ஜினின் துடிப்பைக் கேட்டபடியே டைமிங் வைத்துவிடுவார். 'இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காத ஞானம்' என்று ஒரு பெருமூச்சோடு கட்டுரை முடியும். இந்தச் சித்திரம் தவறானது. அதைவிட முக்கியமாக, போற்றுவதுபோலத் தோன்றியபடியே அந்த மனிதரைச் சிறுமைப்படுத்துவது.

முதலில் தவறு எங்கே என்று பார்ப்போம். பட்டறைகளில் டைமிங் என்ற ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறது. ஒன்று இக்னிஷன் டைமிங். பாயிண்ட் திறந்து பிளக்கில் பொறி விழும் கணத்தைச் சரிசெய்வது. பாயிண்ட் பிளேட்டின் திருகைத் தளர்த்தி மயிரிழை அளவு திருப்பினால் ஓட்டத்தில் வரும் மாறுதலைக் காது கேட்கும், மறுப்பதற்கில்லை. மற்றொன்று காம் டைமிங். பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் பல பத்தாண்டுகள் தயாரித்த வார்ப்பிரும்பு என்ஜினில், வலப்பக்க மூடியைக் கழற்றினால்தான் அந்தப் பற்சக்கரங்கள் கண்ணில் படும். மூடியைக் கழற்றினால் ஆயில் வடியும். என்ஜின் பிணமாகக் கிடக்கும். ஓடாத என்ஜினில் காது எதைக் கேட்கப்போகிறது?

அங்கே நடப்பது கணக்கு. நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது காம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே காம் சக்கரத்தின் பற்கள் கிராங்க் பினியனின் பற்களைப்போல் இரண்டு மடங்கு. பற்களில் பொறித்த குறிகள் நேருக்கு நேர் நிற்கும்படி சக்கரங்களைக் கோக்கவேண்டும். காம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தள்ளிக் கோத்தாலே காமில் 9 பாகை, கிராங்கில் 18 பாகை பிசகிவிடும். அதன்பின் அந்த என்ஜின் ஓடலாம். ஆனால் இழுக்காது, திணறும், கார்புரேட்டர் வழியே எதிர்த்துத் தும்மும்.

குறியை நம்பியும் முழுதாக உட்கார்ந்துவிட முடியாது. தேய்ந்த காம், குறி தவறிய மாற்று உதிரி என்று எதுவும் இருக்கலாம். அக்கறையுள்ள மெக்கானிக் கிராங்க் முனையில் பாகைத் தட்டு ஒன்றைப் பொருத்துகிறார். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் சில பாகைகள் அசையாததுபோலவே தோன்றும். கண் ஏமாறும் இடம் அது. அதனால் பிளக் துளை வழியே ஒரு தடையை இறக்குகிறார். பிஸ்டன் அதைத் தொடும்வரை ஒருபுறம் சுற்றி அளவைக் குறிக்கிறார். பின் எதிர்ப்புறம் சுற்றிக் குறிக்கிறார். ஒருபுறம் 20 பாகை, மறுபுறம் 28 பாகை என்றால் தட்டை 4 பாகை நகர்த்தி இரண்டையும் 24 ஆக்குகிறார். இப்போது சுழியம் உண்மையான உச்சியில் நிற்கிறது. இனி வால்வு எழுவதையும் அமர்வதையும் பாகைக் கணக்கில் வாசித்துவிடலாம். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? இது வடிவகணிதம்.

பாகைத் தட்டு இல்லாத ஏழைப் பட்டறையிலும் அளவை இருக்கிறது. பாயிண்ட் இடையே சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே என்ஜினைச் சுற்றுகிறார்கள். தாள் விடுபடும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். காசில்லாதவன் கண்டடைந்த கருவி அது. நமது எழுத்தாளர் அருகே நின்று அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். ஆனால் எழுதியது கண்மூடிய ஞானியை.

அனுபவத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. எங்கோ கோளாறு என்று முதலில் சொல்வது பழகிய காதுதான். ஆனால் காது எழுப்புவது சந்தேகம். தீர்ப்பை அளவை தருகிறது. நல்ல மருத்துவர் நாடி பார்த்தே அறுவையை முடித்துவிட்டார் என்று யாரும் எழுதுவதில்லை. அவருடைய படிப்பை மதிக்கிறோம். எண்ணெய்க் கறை படிந்த கைக்கு மட்டும் ஏன் படிப்புக்குப் பதில் 'வரம்' தருகிறோம்? வரம் பெற்றவனுக்குக் கற்ற உழைப்பின் மரியாதையைத் தரவேண்டியதில்லை. அவன் யோசித்தான் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. நமது வியப்புக்குள் ஒளிந்திருப்பது பழைய மேட்டிமைதான்.

இதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். 2010 வாக்கில் அந்த வார்ப்பிரும்பு என்ஜினின் உற்பத்தி நின்றுவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைத் திறந்து கோக்கத் தெரிந்தவர்கள் முதுமை அடைகிறார்கள். கற்றுக்கொள்ள வரும் பையன் ஸ்பானர் எடுத்துக்கொடுத்தபடியே, அவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, கிடைத்ததைப் பொறுக்கவேண்டியிருக்கிறது. சொல்லமுடியாத ஞானம் என்று முத்திரை குத்திய ஒன்றை யாரும் எழுதிவைக்க முனைவதில்லை. சொல்லக்கூடியதை, பாகையும் பல்லுமாக, வரிசையாகச் சொல்லிவிடமுடியும். நமது உரைநடைக்கு அந்த வலிமை உண்டு. காம், பினியன், புஷ்ராட் என்ற பட்டறைச் சொற்களைக் கூச்சமின்றி உள்ளே விட்டால் போதும்.

அடுத்தமுறை அந்த மெக்கானிக்கைப் பற்றி எழுத உட்காருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் முகத்தை வருணிக்கும் முன், அன்று அவர் அளந்தது என்ன, எதைக்கொண்டு அளந்தார் என்று அவரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியும், பதில் சொல்வார்.