சாபம் என்னும் சொல்

திருக்குறளில் 'நாடு' என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அதன் ஒன்பதாம் குறள் நம்மைச் சற்றே தயங்க வைக்கிறது. வருந்தித் தேடாமலே வளம் தருவதுதான் நாடு. தேடினால் மட்டும் தருவது நாடன்று என்பது அதன் கருத்து. இக்காலப் பொருளியலார் பலர் கூறுவதோ இதற்கு நேர்மாறானது. எண்ணெயும் கனிமங்களும் மிகுந்த வளரும் நாடுகள் பல, அவ்வளம் இல்லாத நாடுகளைவிட மெதுவாகவே வளர்ந்தன என்கின்றனர் அவர்கள். 1993-இல் ரிச்சர்ட் ஆட்டி என்பவர் இந்நிலைக்கு 'வளச் சாபம்' என்று பெயரிட்டார். 1995-இல் ஜெஃப்ரி சாக்ஸும் ஆண்ட்ரூ வார்னரும் பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு அக்கருத்துக்கு வலுச் சேர்த்தனர்.

அப்படியாயின் வள்ளுவர் கூறியது பொய்த்ததா? இல்லை என்பதே நம் எண்ணம். பிழை, பொருளியலார் இட்ட பெயரில்தான் இருக்கிறது.

அவர்கள் கண்ட நோய் உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. எண்ணெய் விற்ற அயல்நாட்டுப் பணம் வந்து குவியும்போது உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு உயர்கிறது. உழவர் விளைவித்ததும் ஆலைகள் உருவாக்கியதும் அயற்சந்தையில் விலை கூடி விற்காமல் போகின்றன. இறக்குமதிப் பொருள்களோ மலிகின்றன. நெதர்லாந்தில் 1959-இல் எரிவாயு கண்டறியப்பட்ட பின் அந்நாட்டுத் தொழில்கள் நலிந்ததைக் கொண்டு இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர் வந்தது. இதனினும் கொடியது மற்றொன்று உண்டு. கிணற்றிலிருந்தே கருவூலம் நிரம்பும் அரசு, குடிகளிடம் வரி கேட்கத் தேவையில்லை. வரி கொடாத குடிகளுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கமும் வாய்ப்பதில்லை.

நைஜீரியாவைப் பார்ப்போம். 1956-இல் நைஜர் ஆற்றின் கழிமுகத்திலுள்ள ஒலோயிபிரி என்னும் ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1960-இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டைத் தாங்கி நின்றவை கொக்கோ, நிலக்கடலை, பாமாயில் ஆகியவையே. வடக்கே கானோ நகரில் கடலை மூட்டைகள் கூம்புக் கோபுரங்களாக அடுக்கப்பட்டிருந்ததை அக்காலப் புகைப்படங்களில் இன்றும் காணலாம். 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் அக்கோபுரங்கள் மறைந்தன. வறட்சியும் பயிர்நோயும் ஒரு காரணம். உழவைக் கவனிப்பார் இல்லாமற் போனது மற்றொரு காரணம். 1975-இல் அரசு அளவின்றி வாங்கிய சிமெண்டை ஏற்றி வந்த நூற்றுக்கணக்கான கப்பல்கள், இறக்க இடமின்றி லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடந்தன. கச்சா எண்ணெயை உலகுக்கு விற்ற அந்நாடு, தன் சுத்திகரிப்பு ஆலைகளைப் பேணத் தவறிப் பல பத்தாண்டுகள் பெட்ரோலை இறக்குமதி செய்தது.

எண்ணெய் எடுக்கப்பட்ட மண்ணின் மக்களோ கசிவினால் வயலையும் மீனையும் இழந்தனர். அவர்களுள் ஓகோனி மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் கென் சாரோ-விவா; நாவலாசிரியர், நாடகாசிரியர். 1995 நவம்பர் 10 அன்று, இராணுவ ஆட்சி அவரையும் உடனிருந்த எண்மரையும் தூக்கிலிட்டது. ஓகோனி நிலத்தைத் தூய்மையாக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என 2011-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டது. 2025-இல் நைஜீரிய அரசு அந்த ஒன்பதின்மருக்கும் மன்னிப்பு அறிவித்தது. மன்னிப்பு வேறு, குற்றமற்றவர் என்னும் தீர்ப்பு வேறு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் செய்தது எண்ணெயா?

அதே ஆப்பிரிக்காவில் போட்சுவானா இருக்கிறது. 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. மறு ஆண்டே ஒராபா என்னுமிடத்தில் வைரம் கண்டறியப்பட்டது. அந்நிலப்பகுதி குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தாருடையது. எனினும் கனிமங்கள் குலங்களுக்கல்ல, நாட்டுக்கே உரியவை என அவரது அரசு சட்டம் செய்தது. வைர நிறுவனத்துடன் வாதாடி, 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கை 1970-களில் 50 விழுக்காடாக உயர்த்தியது. வருவாய் சாலைகளாகவும் பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறியது. 1994-இல் வருங்காலத்துக்கென 'பூலா நிதி' என்னும் சேமிப்பும் உண்டாயிற்று. அடுத்த சில பத்தாண்டுகள் உலகில் மிக விரைந்து வளர்ந்த நாடுகளுள் ஒன்றாக அது விளங்கியது.

போட்சுவானாவைப் பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. அங்கே ஏற்றத்தாழ்வு மிகுதி, வேலையின்மையும் மிகுதி. வைரத்தைத் தவிர வேறு தொழில் போதிய அளவில் வேரூன்றவில்லை. ஆய்வகத்தில் உருவாகும் வைரங்கள் சந்தைக்கு வந்து விலை சரிந்தபோது பொருளாதாரம் சுருங்கியது. 2024-இல், விடுதலை நாள்முதல் ஆண்ட கட்சியை மக்கள் தேர்தலில் வீழ்த்தினர். ஆட்சி அமைதியாகக் கைமாறியது. வளம் குன்றிய பின்னும் கணக்குக் கேட்கும் உரிமை மக்களிடம் எஞ்சியிருந்தது என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

'சாபம் என்பது வெறும் உருவகந்தானே, அதற்கு இத்துணை வாதம் எதற்கு?' என்று கேட்கலாம். சொல்லோடு வாழ்பவர்கள் நாம். உருவகம் எண்ணத்தை ஆளும் என்பதை அறிவோம். நம் புராணங்களில் சாபம் பெற்றவர் செய்யக்கூடியது யாது? அகலிகையைப்போல் கல்லாய்க் கிடந்து, யாரேனும் வந்து மீட்கும் வரை காத்திருப்பதே. வளத்தைச் சாபமென்று அழைக்கும்போது, சூறையாடியவரின் பழியை மண்ணின்மேல் ஏற்றுகிறோம். விடுதலையும் வெளியிலிருந்தே வரும் என மக்களை நம்பச் செய்கிறோம். தூக்குக் கயிறு நிலத்தடியில் விளைந்ததன்று. அதற்கு ஆணையிட்ட கைகள் இருந்தன.

வள்ளுவர் இதை அறியாதவரல்லர். மேற்சொன்ன குறளை அடுத்து, அதிகாரத்தின் இறுதியில் வரும் குறளையும் சேர்த்தே படிக்க வேண்டும். எல்லா வளமும் நிறைந்திருந்தாலும், நல்ல அரசு அமையாத நாட்டுக்கு அவற்றால் பயனில்லை என்கிறது அது. ஒன்பதாம் குறளோடு நிறுத்திக்கொண்டால் வளமே போதும் என்று தோன்றும். பொருளியலார் காட்டும் நாடுகளை மட்டும் பார்த்தால் வளமே தீது என்று தோன்றும். இரு குறள்களையும் சேர்த்துப் படித்தால், யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.